சமோரா: ஒரு பெயரும் ஒரு வகுத்தல் கணக்கும்

ஸ்பெயினில் ஒவ்வொரு கால்பந்து சீசன் முடியும்போதும் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு போடுவார்கள். லாலிகாவில் ஒரு கோல்கீப்பர் வாங்கிய கோல்களை, அவர் ஆடிய ஆட்டங்களால் வகுக்க வேண்டும். யாருக்கு மிகக் குறைந்த எண் வருகிறதோ அவருக்குப் பரிசு. குறைந்தது 28 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் 60 நிமிடமாவது களத்தில் இருந்திருக்க வேண்டும் என்று சில விதிகள் உண்டு. மற்றபடி அவ்வளவுதான் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான்.

அந்தப் பரிசின் பெயர் சமோரா டிராஃபி. கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். பார்சிலோனாவின் விக்டர் வால்டெஸ், அத்லெத்திகோ மாட்ரிட்டின் யான் ஒப்லாக் எல்லாம் இதைத் திரும்பத் திரும்ப வென்றவர்கள். "இந்த வருஷம் சமோரா யாருக்கு?" என்று கேட்டால் ஸ்பெயினில் அது ஒரு எண்ணைப் பற்றிய கேள்வி. அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்பது கேட்பவருக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

இருந்தார். ரிக்கார்தோ சமோரா. 1901 ஜனவரி 21-ல் பார்சிலோனாவில் பிறந்து, 1978 செப்டம்பர் 8-ல் அதே ஊரில் இறந்தவர். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பாவில் கோல்கீப்பர் என்றால் முதலில் ஞாபகம் வந்த முகம் அவருடையது. ஆறேழு மாதமாக ராத்திரி நேரங்களில் இவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்பெயினின் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. கையில் மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று இருந்தால் போதும், நேரம் போவதே தெரியாது. படிக்கப் படிக்க எனக்குப் பட்டது இதுதான்: அந்த மனிதர் வேறு, அந்தப் பெயர் வேறு. மனிதர் பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தார். பெயரை அவ்வப்போது யாராவது ஒருவர் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு கட்டத்தில் அது உயிர் போகிற விஷயமாகவே ஆகிவிட்டது.

வாசல்காரர்

ஸ்பானிஷ் மொழியில் கோல்கீப்பருக்கு 'போர்தெரோ' என்று பெயர். வாசலைக் காப்பவர், வாயிற்காவலர் என்று பொருள். அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே சொல்தான். இது தெரிந்தால்தான் சமோராவைப் பற்றி அன்று புழங்கிய ஒரு பழமொழி புரியும்: வாசல்காரர்கள் இரண்டே பேர்தான், வானத்தில் புனித பேதுரு, பூமியில் சமோரா. சொர்க்கத்தின் சாவி பேதுரு கையில் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை இல்லையா, அதோடு கோர்த்துவிட்டார்கள். அவருக்கு இன்னொரு பட்டப்பெயரும் உண்டு, 'எல் திவினோ'. தெய்வீகமானவர் என்று அர்த்தம்.

அப்பா டாக்டர். மகனும் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகன் பதினைந்து வயதிலேயே எஸ்பன்யோல் அணியில் சேர்ந்துவிட்டார். கிளப் நிர்வாகத்தோடு சண்டை போட்டுக்கொண்டு 1919-ல் ஊரின் எதிரணியான பார்சிலோனாவுக்குப் போனார். 1922-ல் மறுபடி எஸ்பன்யோலுக்கே வந்தார். 1930-ல் ரியல் மாட்ரிட் அவரை 1,50,000 பெசேட்டா கொடுத்து வாங்கியது. ஸ்பெயினில் அதற்கு முன்னால் ஒரு ஆட்டக்காரருக்காக யாரும் அவ்வளவு பணம் கொடுத்ததில்லை. ஸ்பெயின் கால்பந்தில் சம்பளம் வாங்கி ஆடுவது சட்டப்படி ஒப்புக்கொள்ளப்பட்டதே 1926-ல்தான். நான்கே வருஷத்தில் இந்தத் தொகை. அதுவும் கோல் போடுபவருக்கு இல்லை, கோலைத் தடுப்பவருக்கு.

அன்றைய கோல்கீப்பர் வேலை இன்றைக்கு மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோலில் தைத்த பந்து. மழை பெய்தால் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும். பந்தைப் பிடித்த கோல்கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ள விதி அனுமதித்தது. பிடித்தபடியே வலைக்குள் போய் விழுந்தாலும் கோல்தான். அடிபட்டால் மாற்று ஆள் கிடையாது. 1925-ல் ஆஃப்சைடு விதியைத் தளர்த்தினார்கள். அதுவரை தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அதை இரண்டாகக் குறைத்தார்கள். கோல்கள் சரசரவென்று ஏறின. 1929-ல் இன்னொரு கட்டுப்பாடு: பெனால்டி அடிக்கும்வரை கோல்கீப்பர் கோட்டின் மேலேயே நிற்க வேண்டும். ஆக, 1920-களில் ஒவ்வொரு மாற்றமும் கோல் அடிப்பவர் பக்கமே சாய்ந்தது.

இந்த நிலைமையில் சமோரா ஒரு உத்தியைக் கையாண்டார். பந்தைப் பிடித்தால்தானே இடிப்பார்கள்? பிடிக்காமல், மடக்கிய முழங்கையால் ஓங்கி அடித்துத் தூரமாக அனுப்பிவிடுவார். இதற்கு 'சமோரானா' என்றே பெயர் விழுந்தது. தட்டைத் தொப்பி, கழுத்துவரை மூடிய கம்பளிச் சட்டை, வாயில் சிகரெட் இல்லாத படத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் என்று சொல்வார்கள், எவ்வளவு உண்மையோ. ஆள் பார்க்கவும் நன்றாக இருப்பார். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்?

ஐந்து ஆட்டங்கள்

அவரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பொதுவாக ஐந்து ஆட்டங்களைச் சொல்வார்கள்.

முதலாவது 1920 ஆகஸ்ட் 28. ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸ். ஸ்பெயின் தேசிய அணி ஆடிய முதல் ஆட்டமே அதுதான். எதிரே டென்மார்க், 1908, 1912 இரண்டு ஒலிம்பிக்கிலும் வெள்ளி வாங்கிய அணி. பத்தொன்பது வயது சமோரா ஒரு கோல்கூட விடவில்லை. 1-0. அந்தத் தொடரின் கடைசியில் ஸ்பெயினுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. இத்தாலியோடு ஆடும்போது எதிராளி ஒருவரைக் குத்தியதற்காக இவரை வெளியேற்றியதும் அதே தொடரில்தான். 'தெய்வீகமானவர்' கொஞ்சம் கோபக்காரர்.

இரண்டாவது, 1929 மே 15, மாட்ரிட். இங்கிலாந்து 2-0 என்று முன்னால் இருந்தது. ஸ்பெயின் திரும்பி வந்து 4-3 என்று ஜெயித்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள ஒரு அணியிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதல் முறை. சமோரா மார்பெலும்பு முறிந்த நிலையில் ஆடினார் என்று ஒரு கதை இதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

மூன்றாவதும் நான்காவதும் 1934 உலகக் கோப்பை, இத்தாலி. மே 27-ல் பிரேசிலோடு ஆடி ஸ்பெயின் 3-1 என்று ஜெயித்தது. வால்டெமார் டி பிரிட்டோ அடித்த பெனால்டியை சமோரா தடுத்தார். (இந்த வால்டெமார்தான் பின்னாளில் பெலே என்ற சிறுவனைக் கண்டெடுத்துச் சான்டோஸ் கிளப்புக்குக் கூட்டிப்போனவர்.) நான்கு நாள் கழித்து பிளாரன்ஸ் நகரில் இத்தாலியோடு காலிறுதி. முசோலினியின் நாடு, அவர்களே ஜெயித்தாக வேண்டிய போட்டி. முரட்டு ஆட்டம். ஸ்பெயின் முதலில் கோல் போட்டது. இத்தாலி சமன் செய்த கோலின்போது சமோராவை ஆள் வைத்து மறித்தார்கள் என்பது ஸ்பெயினின் புகார். கூடுதல் நேரம் ஆடியும் 1-1. பெனால்டி ஷூட் அவுட் அன்று கிடையாது. மறுநாளே திரும்ப ஆட வேண்டும்! அடிபட்ட சமோராவால் இறங்க முடியவில்லை. இத்தாலி 1-0 என்று ஜெயித்து, கோப்பையையும் வாங்கிக்கொண்டது.

ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்த ஐந்தில் சேராத ஒன்றும் இருக்கிறது. 1931 டிசம்பர் 9, லண்டன் ஹைபரி மைதானம். 1929-க்குப் பழிவாங்கக் காத்திருந்த இங்கிலாந்து 7-1 என்று ஸ்பெயினைத் துவைத்துப் போட்டது. சமோராவுக்கு மோசமான நாள். உலகின் சிறந்த கோல்கீப்பரா இவர் என்று லண்டனில் சிரித்தார்கள். கதை சொல்கிறவர்கள் இதை மெதுவாகத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஏழு வாங்கிய பிறகும் அந்த சீசனில் மாட்ரிட்டுக்குத் திரும்பி வந்து நின்றாரே, அதுதான் கோல்கீப்பர் வேலை. 1931-32 லாலிகாவில் மாட்ரிட் அணி 18 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. மொத்தம் வாங்கிய கோல் 15. முன்னால் சிரியாகோ, கின்கோசெஸ் என்று இரண்டு அருமையான தடுப்பாட்டக்காரர்கள், பின்னால் சமோரா. கிளப்பின் முதல் லீக் பட்டம் அது. அடுத்த வருஷமும் ஜெயித்தார்கள்.

பெயருக்கு வந்த முதல் சொந்தக்காரர்

1931-ல் ஸ்பெயினில் மன்னராட்சி விழுந்து குடியரசு வந்தது. முதல் ஜனாதிபதியின் பெயர் நிசேத்தோ அல்காலா சமோரா. தற்செயல்தான், உறவெல்லாம் இல்லை. ஸ்பெயினின் புதிய ஜனாதிபதி சமோரா என்று ஸ்டாலினிடம் சொன்னபோது, 'யார், அந்த கோல்கீப்பரா?' என்று கேட்டாராம். நடந்திருக்க வாய்ப்பில்லாத கதை. ஆனால் இப்படி ஒரு நகைச்சுவை பரவ வேண்டுமானால் எந்த சமோரா அதிகப் பிரபலம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்கக் கூடாது.

1934 உலகக் கோப்பைக்குப் பிறகு ஜனாதிபதி சமோரா, கோல்கீப்பர் சமோராவுக்குக் குடியரசின் விருதை அணிவித்தார். புது அரசுக்கு நாயகர்கள் தேவை. பாசிச இத்தாலியில் போய் அடிவாங்கி நின்ற ஒருவரைவிட நல்ல நாயகர் எங்கே கிடைப்பார்? சமோரா தனிப்பட்ட முறையில் இடதுசாரி இல்லை. 'யா' என்ற கத்தோலிக்க வலதுசாரி நாளிதழில் எழுதிக்கொண்டிருந்தார். அதனாலென்ன, பெயர் இப்போது குடியரசின் சொத்து.

இங்கே கோப்பையின் பெயரையும் கவனியுங்கள். ஸ்பெயினின் நாக் அவுட் கோப்பைக்கு மன்னராட்சியில் 'மன்னர் கோப்பை' என்று பெயர். குடியரசு வந்ததும் 'குடியரசுத் தலைவர் கோப்பை'. பின்னால் பிராங்கோ வந்ததும் 'தளபதி கோப்பை'. இப்போது மறுபடியும் 'மன்னர் கோப்பை'. சமோரா வென்றது மொத்தம் ஐந்து முறை. பார்சிலோனாவோடு 1920, 1922, எஸ்பன்யோலோடு 1929, மாட்ரிட்டோடு 1934, 1936. முதல் மூன்று மன்னருடையது, அடுத்த இரண்டு குடியரசுத் தலைவருடையது. ஆட்டம் அதேதான், மேலே ஒட்டிய லேபிள்தான் மாறிக்கொண்டே இருந்தது.

புழுதிக்குள் ஒரு பந்து

ஐந்தாவது ஆட்டம் அந்த 1936 இறுதிப் போட்டி. ஜூன் 21, வலென்சியாவின் மெஸ்தாயா மைதானம். மாட்ரிட்டும் பார்சிலோனாவும். பார்சிலோனாவில் பிறந்த ஒருவர் மாட்ரிட்டின் கோலைக் காக்கிறார். மாட்ரிட் 2-1 என்று முன்னால் இருந்தாலும், ஒருவர் அடிபட்டதால் பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. நல்ல வெயில் காலம், தரை காய்ந்து கிடந்தது.

கடைசி நிமிடங்களில் பார்சிலோனாவின் எஸ்கோலா கிட்டத்திலிருந்து கம்பத்தின் ஓரமாக அடித்தார். சமோரா பாய்ந்தார். புழுதி எழுந்து கோலையே மறைத்தது. கோல் என்றே கூட்டம் நினைத்தது. புழுதி அடங்கியபோது சமோரா நின்றுகொண்டிருந்தார், பந்து அவர் கையில். அந்தக் கணத்தின் புகைப்படம் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. ஸ்பெயின் கால்பந்தில் அதைவிடப் பிரபலமான தடுப்பு வேறெதுவும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கிளப் அணிக்காக ஸ்பெயினில் அவர் ஆடிய கடைசிப் போட்டி ஆட்டம் அது.

நான்கு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 17, 18-ல் ராணுவக் கிளர்ச்சி வெடித்தது. உள்நாட்டுப் போர்.

இறந்தவரும் கைதியும்

அதற்குப் பிறகு நடந்தது விளையாட்டு இல்லை.

போரின் ஆரம்பத்திலேயே நாடு போல செய்தித்தாள்களும் இரண்டாகப் பிரிந்தன. 'ஏபிசி' என்ற ஒரே பெயரில் இரண்டு நாளிதழ்கள் வந்துகொண்டிருந்தன. மாட்ரிட்டில் அச்சானது குடியரசுப் பக்கம், செவில்லில் அச்சானது கிளர்ச்சியாளர் பக்கம். கிளர்ச்சியாளர் பக்கத்துப் பத்திரிகைகளில் ஒரு செய்தி பரவியது: செம்படையினர் சமோராவைக் கொன்றுவிட்டார்கள்! குடியரசு விருது கொடுத்துக் கொண்டாடிய ஆளைக் குடியரசே கொன்றுவிட்டது என்றால் பிரச்சாரத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அவர் சாகவில்லை. பிறகு மாட்ரிட்டில் குடியரசுப் பக்கத்து ஆயுதக் குழு ஒன்று அவரைப் பிடித்து மொதேலோ சிறையில் அடைத்தது. வலதுசாரி நாளிதழில் எழுதியவர் என்ற ஒன்றே அந்த நாட்களில் போதுமான காரணம். அந்தச் சிறை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். 1936 ஆகஸ்ட் பிற்பகுதியில் ஆயுதக் குழுக்கள் உள்ளே புகுந்து அரசியல் கைதிகளைச் சுட்டுக் கொன்றன. நவம்பரில் மாட்ரிட் சிறைகளிலிருந்து கைதிகளைக் கூட்டம் கூட்டமாக வண்டியில் ஏற்றி, நகருக்கு வெளியே பராகுவெயோஸ் என்ற இடத்தில் சுட்டுப் புதைத்தார்கள். யார் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது.

சமோரா எப்படிப் பிழைத்தார்? காவலர்களோடு கால்பந்து பேசினார், ஆடிக் காட்டினார், அதனால் அவர்களுக்குப் பிடித்துப்போனது என்பது ஒன்று. பேத்ரோ லூயிஸ் தெ கால்வெஸ் என்ற கவிஞர் இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறார். மாட்ரிட் மதுக்கடைகளில் கடன் சொல்லித் திரிந்த நாடோடிக் கவிஞர்; போர் வந்ததும் துப்பாக்கியோடு ஆயுதக் குழுவில் இருந்தார். அவர் எல்லோர் முன்னாலும் சமோராவைக் கட்டிப்பிடித்து, இவர் என் நண்பர், யாரும் தொடக்கூடாது என்று அறிவித்ததாகச் சொல்வார்கள். கடைசியில் அர்ஜென்டினா தூதரகம் தலையிட்டு அவரை வெளியே கொண்டுவந்தது. குடும்பத்தோடு தூதரகத்தில் தஞ்சம் புகுந்து, பிறகு கப்பலேறி பிரான்ஸ் போனார். நீஸ் நகர அணியில், பார்சிலோனாக் காலத்துக் கூட்டாளி சமித்தியேரோடு சேர்ந்து ஆடினார்.

கால்வெஸுக்கு என்ன ஆனது? போர் முடிந்ததும் பிராங்கோ அரசு 1940-ல் அவரைச் சுட்டுக் கொன்றது. பிரபலமானவர் ஒருவரைக் காப்பாற்றியது அவரைக் காப்பாற்றவில்லை. சமோராவின் கதையில் கால்வெஸ் ஒரு பத்தியில் வந்து போய்விடுகிறார். எனக்கு அந்தப் பத்தியைத் தாண்டிப் போக நேரம் பிடித்தது. ஒரே சிறை முற்றம், இரண்டு பேர். ஒருவர் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஊரே இருந்தது. மற்றவர் பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

சான் செபாஸ்தியான், டிசம்பர் 1938

போர் முடியும் முன்பே சமோரா ஸ்பெயினுக்குத் திரும்பினார், கிளர்ச்சியாளர்கள் பிடித்து வைத்திருந்த பகுதிக்கு. 1938 டிசம்பர் 8-ல் சான் செபாஸ்தியான் நகரில் அவர்கள் தரப்பு வீரர்களுக்கு நிதி திரட்டும் ஆட்டம் ஒன்றில் இறங்கினார். குடியரசின் விருது வாங்கியவர் இப்போது எதிர்த் தரப்பின் விளம்பரத்தில். அவரைக் குறை சொல்வதா? குடியரசின் பெயரால் வந்த துப்பாக்கிக்காரர்கள்தான் அவரைச் சிறையில் போட்டிருந்தார்கள். யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் அந்தச் சிறைக்குள் இருந்தவரிடம் கேட்கிற கேள்வி இல்லை.

எனக்கு ஆர்வமாக இருந்தது தேதியும் ஊரும். அதே சான் செபாஸ்தியானில், அதே டிசம்பர் மாதம் 21-ம் தேதி ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. கிளர்ச்சியாளர் தரப்பின் ஃபலாங்கே கட்சியைச் சேர்ந்தவர்களின் முயற்சி அது. பெயர் 'மார்கா'. ஆமாம், இன்று ஸ்பெயினில் எல்லோரும் படிக்கிற அதே மார்காதான். 1959-ல் சமோரா டிராஃபியைத் தொடங்கியதும் அவர்களே.

போருக்குப் பிறகு அவருக்கு வாழ்க்கை அமைந்தது. அத்லெத்திகோ மாட்ரிட் கிளப்பை விமானப் படை அணியோடு இணைத்து 'அத்லெத்திகோ அவியாசியோன்' ஆக்கியிருந்தார்கள். அதன் பயிற்சியாளராக 1939-40, 1940-41 என்று இரண்டு லீக் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். அத்லெத்திகோவின் முதல் இரண்டு பட்டங்கள் அவை. பிறகு செல்தா, எஸ்பன்யோல் என்று பல கிளப்கள். 1952-ல் கொஞ்ச நாள் தேசிய அணி. பிராங்கோ அரசும் தன் பங்குக்கு ஒரு விருது கொடுத்தது, சிஸ்நெரோஸ் விருது. ஆக, ஒன்றை ஒன்று அழிக்கப் போர் புரிந்த இரண்டு அரசுகளின் பதக்கங்களும் ஒரே மனிதரிடம்.

கணக்குக்குத் திரும்புவோம்

இப்போது அந்த வகுத்தலுக்கு வரலாம். தொழில் புத்தி, எண்ணைப் பார்த்தால் அது எதை அளக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

'வாங்கிய கோல் வகுத்தல் ஆட்டம்' என்பது கோல்கீப்பரை அளக்கிறதா? ஒரு கற்பனைக் கணக்கு. முதல் கோல்கீப்பர் வலுவான அணியில் இருக்கிறார். முன்னால் நல்ல தடுப்பாட்டம், ஆட்டத்துக்கு இரண்டு பந்துதான் அவரை நோக்கி வருகிறது. அதில் சராசரியாக 0.6 உள்ளே போகிறது. அதாவது 70 சதவீதம் தடுக்கிறார். இரண்டாவது ஆள் சின்ன ஊர் அணி. ஆட்டத்துக்கு ஆறு பந்து வருகிறது, 1.2 உள்ளே போகிறது. 80 சதவீதம் தடுக்கிறார். திறமை யாருக்கு அதிகம்? டிராஃபி யாருக்குப் போகும்?

0.6 எடுத்தவருக்குத்தான். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. யாரோடு, எந்த ஆடுகளத்தில் என்று கேட்காத சராசரி பாதிக் கதைதான் சொல்லும். இப்போதெல்லாம் ஒவ்வொரு அடியும் எங்கிருந்து வந்தது, கோலின் எந்த மூலைக்குப் போனது என்று பதிவு செய்து, சாதாரண கோல்கீப்பர் எத்தனை விட்டிருப்பார், இவர் எத்தனை விட்டார் என்று ஒப்பிடுகிறார்கள். அது இன்னும் நேர்மையான அளவு. ஆனால் சமோரா டிராஃபி தன் பழைய வகுத்தலை விடவில்லை. இன்றுவரை ஒரு முழு சீசனில் கிடைத்த மிகச் சிறந்த எண் 0.47, 38 ஆட்டத்தில் 18 கோல். 1993-94-ல் தெபோர்த்திவோ அணியின் லியான்யோ எடுத்தார், 2015-16-ல் ஒப்லாக் அதைத் தொட்டார். வேடிக்கை என்னவென்றால், இரண்டு வருஷமும் அவர்களின் அணி லீக் பட்டம் ஜெயிக்கவில்லை.

சரி, இதே கணக்கை சமோராவுக்கே போட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன ஐந்து ஆட்டங்கள், அதாவது அவருடைய புகழ் முழுவதும் நிற்கிற ஆட்டங்கள். டென்மார்க் 0, இங்கிலாந்து 3, பிரேசில் 1, இத்தாலி 1, பார்சிலோனா 1. மொத்தம் ஆறு கோல், ஐந்து ஆட்டம். 1.20.

இந்த எண்ணோடு இன்றைக்குப் போனால் சமோராவுக்கு சமோரா டிராஃபி கிடைக்காது!

இது சும்மா வேடிக்கைக்குப் போட்ட கணக்கு. ஐந்து ஆட்டத்தை வைத்து யாரையும் எடை போட முடியாது. சீசன் முழுக்கக் குறைவாகக் கோல் விட்டவரும் அவர்தான், மேலே 1931-32 எண்ணே அதற்குச் சாட்சி. நான் சொல்ல வருவது வேறு. மக்கள் ஞாபகம் வைத்துக்கொண்டது உள்ளே போன பந்துகளின் எண்ணிக்கையை அல்ல. வால்டெமாரின் பெனால்டியையும் எஸ்கோலாவின் அந்தப் பந்தையும்தான். அவை உள்ளே போகாத பந்துகள். இந்த வகுத்தல் கணக்கில் மேலேயும் வராது, கீழேயும் வராது. கோல்கீப்பரின் மிகச் சிறந்த கணம் அட்டவணையில் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும்.

அவருடைய பெயரும் அப்படித்தான் ஆகிவிட்டது என்று தோன்றுகிறது. குடியரசு அதில் பதக்கத்தைக் குத்தியது. கிளர்ச்சியாளர்கள் அதை வைத்து ஒரு மரணச் செய்தி தயாரித்தார்கள். பிராங்கோ அரசு இன்னொரு பதக்கம் கொடுத்தது. கடைசியில் ஒரு பத்திரிகை அதை எண்ணாக மாற்றியது. இவற்றில் எதிலும் பொய் என்று ஒதுக்க வேண்டியது அந்த மரணச் செய்தி மட்டும்தான். ஆனால் எதிலும் அந்த சிறை முற்றம் இல்லை, ஏழு கோல் வாங்கிய லண்டன் மாலையும் இல்லை, கால்வெஸும் இல்லை.

தேசிய அணிக்கு 46 ஆட்டங்கள் ஆடியிருந்தார் சமோரா. 1970-களில் பில்பாவோவின் கோல்கீப்பர் இரிபார் வந்து தாண்டும்வரை ஸ்பெயினில் அதுவே அதிகம். அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். பிராங்கோ இறந்து மூன்று வருஷம் கழித்து, 1978 செப்டம்பரில் காலமானார். அதே டிசம்பர் 6-ல் ஸ்பெயின் மக்கள் புதிய அரசியலமைப்புச் சட்டத்துக்கு வாக்களித்தார்கள். மன்னர், சர்வாதிகாரி, குடியரசு, போர், இன்னொரு சர்வாதிகாரி, மறுபடி மன்னர் என்று எழுபத்தேழு வயதில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் மனிதர்.

நேரமிருந்தால் அந்த 1936 புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். முதல் பார்வைக்குப் புழுதிதான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் ஆள் தெரிவார். அடுத்த பதிவில் அதே காலத்தின் இன்னொரு வாசல்காரர், 1938 உலகக் கோப்பையில் கை முறிந்தும் களத்தை விட்டுப் போகாத செக் கோல்கீப்பர் பிளானிச்காவைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன்.